2,995 நாளும் ஒரு வழக்கும்: டிஸ்னிலாந்து மோகம் எங்கே எல்லை தாண்டுகிறது

கலிஃபோர்னியாவில் அனஹைம் நகரத்து டிஸ்னிலாந்துக்கு ஒருவர் ஒரு நாள்கூட விடாமல் தொடர்ந்து 2,995 நாள் போனார். 2012 ஜனவரி 1 அன்று தொடங்கி 2020 மார்ச் 13 வரை. மறுநாள் கொரோனாவுக்காகப் பூங்காவை மூடியதால்தான் அது நின்றது. கின்னஸ் சாதனையாகவும் பதிவாகிவிட்டது.

அதே பூங்காவின் இன்னொரு தீவிர ரசிகர் ஜோடி அரிசோனாவைச் சேர்ந்த கணவன் மனைவி. ஆண்டுக்கு 60 முதல் 80 தடவை பூங்காவுக்குப் போய்வந்தவர்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. தங்களை வெளியேற்றிய, பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஒரு தனி உறுப்பினர் கிளப்பில் மறுபடி சேரவேண்டும் என்று டிஸ்னி மீது வழக்குப் போட்டு, 2024 ஆகஸ்டில் ஆரஞ்சு கவுன்டி நீதிமன்றத்தில் தோற்றார்கள். வழக்குக்கு ஆன செலவு மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் டாலர்.

யாருக்கு மோகம் முற்றிவிட்டது என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் முதல் ஆளைத்தான் காட்டுவார்கள். தினம் தினம் போயிருக்கிறாரே! எங்கள் கணிப்பு வேறு. எத்தனை தடவை போனார் என்பது மிக மோசமான அளவுகோல். போகாமல் இருக்க அந்த ஆளால் முடிகிறதா, போவதற்காக வேறு எதைத் தின்று தீர்க்கிறார் என்பதைத்தான் பார்க்கவேண்டும். அதோடு, பூங்கா விற்கும் ஆண்டு பாஸ் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் ரசிகரை மட்டும் குறைசொல்வது பாதி ஆய்வுதான்.

தினமும் போனவர்

தொடங்கியபோது அவருக்கு வேலை இல்லை. ஆண்டு பாஸ் நண்பர் வழியாகப் பரிசாகக் கிடைத்திருந்தது. 2012 லீப் ஆண்டு; பிப்ரவரி 29 அன்று டிஸ்னிலாந்து 24 மணி நேரமும் திறந்திருந்தது. அந்த ஆண்டு முழுக்கப் போய்ப் பார்ப்போமே என்ற விளையாட்டாகத்தான் பழக்கம் பிடித்தது. பிறகு வேலை கிடைத்தது. வேலையை விடவில்லை, வேலை முடிந்து மாலையில் ஒரு நடை போய்விட்டு வீடு திரும்புவார்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்கவேண்டியவை சில. வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரம், அதனால் விமானமும் ஓட்டல் அறையும் கிடையாது. பாஸ் கையில் இருந்ததால் நுழைவுக்குத் தனிச்செலவு இல்லை. ஒவ்வொரு நாளும் முழு நாளாக இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. அனஹைமில் பாஸ் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் பலர் அப்படித்தான்: இரண்டு ரைட், ஒரு காபி, பூங்காவின் மெயின் ஸ்ட்ரீட் தெருவில் ஒரு சுற்று, வீடு. பல ஊர்களில் மனிதர்கள் கடற்கரைக்கோ கோயிலுக்கோ அந்தியில் போய்வருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முக்கியமான சங்கதி முடிவில் இருக்கிறது. பூங்கா 412 நாள் மூடிக்கிடந்தது. 2021 ஏப்ரல் 30 அன்று திறந்தபோது அவர் புதிதாக எண்ண ஆரம்பிக்கவில்லை. கணக்கு 2,995-லேயே நின்றது. எட்டு ஆண்டுப் பழக்கம் வெளியிலிருந்து அறுக்கப்பட்டபோது ஆள் உடைந்துபோகவில்லை என்றால், அந்தப் பழக்கத்தை நோய் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை.

இதிலும் ஒரு ஆபத்து மறைந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தொடர் எண்ணிக்கை என்று ஒன்று வந்துவிட்டால், 700-வது நாள் காய்ச்சலோடு படுத்திருக்கும்போது ‘இன்று போகாவிட்டால் 699 நாளும் வீண்’ என்ற எண்ணம் வரும். அந்த நிமிஷத்திலிருந்து போவது பூங்காவுக்காக அல்லாமல் எண்ணுக்காக ஆகிவிடும். ரோலர் கோஸ்டர் ரசிகர்களிடமும் இதே சிக்கல் உண்டு. ஏறிய ஒவ்வொரு கோஸ்டரையும் ஒரு ‘கிரெடிட்’ என்று கணக்கு வைப்பவர்கள், பிடிக்கவே பிடிக்காத குழந்தைகள் கோஸ்டரில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வருவார்கள். எண்ணிக்கையில் ஒன்று கூடவேண்டுமே!

கிளப்பில் இருந்தவர்கள்

கிளப் 33 என்பது டிஸ்னிலாந்தின் நியூ ஆர்லியன்ஸ் ஸ்கொயர் பகுதியில் 1967-ல் திறந்த தனி உணவகம். உறுப்பினர்களும் அவர்கள் அழைத்துவரும் விருந்தினரும்தான் உள்ளே போகலாம். சேர்வதற்கான காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். அந்த அரிசோனா ஜோடி பத்தாண்டுக்கு மேல் காத்திருந்து 2012-ல் சேர்ந்தது. வெளியேற்றப்பட்டபோது ஆண்டுக் கட்டணம் 31,500 டாலர். பயணம், ஓட்டல் எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 1,25,000 டாலர் டிஸ்னிக்கென்று போய்க்கொண்டிருந்தது.

2017 செப்டம்பரில் ஒரு இரவு, கணவர் பொது இடத்தில் குடிபோதையில் இருந்தார் என்று பூங்காத் தரப்பு சொன்னது. அது போதை இல்லை, தலைசுற்றலோடு வரும் ஒருவகை ஒற்றைத்தலைவலி என்பது ஜோடியின் வாதம். உறுப்பினர் உரிமை ரத்தானது. எது உண்மை என்பது இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. ஜூரி டிஸ்னி பக்கம் நின்றது. நாங்கள் பார்ப்பது அதற்குப் பிறகு நடந்ததை. ரத்தான நாளிலிருந்து தீர்ப்பு வரை ஏழு ஆண்டு. அந்த ஏழு ஆண்டில் போன பணம், ஓராண்டு உறுப்பினர் கட்டணத்தின் பன்னிரண்டு மடங்குக்கு மேல். ஓய்வு பெறுவது ஐந்து ஆண்டு தள்ளிப்போய்விட்டது என்று கணவரே பத்திரிகையிடம் சொன்னார். தீர்ப்புக்குப் பிறகும் மேல்முறையீடு செய்யும் எண்ணத்தில்தான் இருந்தார்கள்.

நியாயம் கேட்டுப் போராடுவது தப்பு என்று சொல்லவில்லை. பெயருக்குக் களங்கம் வந்தது என்ற வலி அவர்களுக்கு இருந்தது. அது மதிக்கவேண்டிய வலி. ஆனால் ஒரு பூங்காவின் உணவகத்துக்குள் நுழையும் உரிமைக்காக ஓய்வுக்காலமே ஒத்திப்போகிறது என்றால், அங்கே ஒரு கோடு தாண்டப்பட்டிருக்கிறது. முதல் ஆளிடம் இருந்து பறிக்கப்பட்டபோது அவர் விட்டார். இங்கே பறிக்கப்பட்டது அடையாளத்தையே பறித்ததாக ஆகிவிட்டது.

உளவியலில் இதற்கு ஏற்கெனவே ஒரு பாகுபாடு இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த ராபர்ட் வலராண்டும் சகாக்களும் 2003-ல் முன்வைத்தது: இசைவான ஈடுபாடு, ஆட்டிவைக்கும் ஈடுபாடு. முதல் வகையில் ஆள் பொழுதுபோக்கை வைத்திருக்கிறார். இரண்டாவதில் பொழுதுபோக்கு ஆளை வைத்திருக்கிறது. செலவழிக்கும் மணிநேரம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். தீம் பார்க் அடிமைத்தனம் என்று மருத்துவ ஏடுகளில் ஒரு நோய் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் சூதாட்டமும் வீடியோ கேமும்தான் அப்படி இடம்பெற்றவை. ஆகவே ‘உனக்கு அடிக்ஷன்’ என்று வீட்டார் முத்திரை குத்துவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பாஸ் எப்படி இழுக்கிறது

டிஸ்னிலாந்து பழைய ஆண்டு பாஸ் திட்டத்தை 2021 ஜனவரியில் கலைத்தது. அதே ஆகஸ்டில் ‘மேஜிக் கீ’ என்ற பெயரில் நான்கு வகை வந்தது: இமேஜின் 399 டாலர், என்சான்ட் 649, பிலீவ் 949, ட்ரீம் 1,399. பழையதற்கும் புதியதற்கும் உள்ள பெரிய வேறுபாடு ரிசர்வேஷன். பாஸ் இருந்தால் மட்டும் போதாது, எந்த நாள் என்று முன்பதிவு செய்யவேண்டும்.

தொல்லை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முன்பதிவு செய்த நாளுக்கு முந்தைய இரவு 11:59-க்குள் ரத்து செய்யாமல் வராமல் போனால் அது ‘வரவில்லை’ என்று பதிவாகும். 90 நாளில் மூன்று தடவை அப்படி ஆனால் 30 நாளுக்குப் புதிய முன்பதிவு செய்யமுடியாது. தீவிர ரசிகர் என்ன செய்வார்? கிடைக்கிற நாளையெல்லாம் முதலில் பிடித்துப்போடுவார், தேவையோ இல்லையோ. பிறகு முந்தைய இரவு பத்தரை மணிக்கு ஆப்பைத் திறந்து, போவதா ரத்து செய்வதா என்று யோசிப்பார். உடம்பு அசதி, ஆனால் இந்தச் சனிக்கிழமையை விட்டால் மறுபடி கிடைக்காது. போய்விடுவார். ஓய்வு நாள் டியூட்டி நாளாக மாறுவது இப்படித்தான். இந்த விதி வந்த நோக்கம் வேறு, கூட்டத்தைச் சீராக்குவது. ஆனால் மோகம் உள்ளவரிடம் அது வேலை செய்யும் விதம் இது.

ட்ரீம் கீயில் தடை நாளே (பாஸ் செல்லாத நாள்) இல்லை என்று விளம்பரம். வாங்கியவர்கள் முன்பதிவுப் பக்கத்தில் நாள் இல்லாமல் தவித்தார்கள். ஒரு வாடிக்கையாளர் வழக்குப் போட, 95 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. பங்கு பெற்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், தலைக்குச் சுமார் 67 டாலர். பிறகு வந்த உயர்ந்தபட்ச இன்ஸ்பயர் கீயில் கிறிஸ்துமஸ் காலத் தடை வெளிப்படையாகவே எழுதப்பட்டது. தினம் போகும் சாதனையை இப்போதைய பாஸை மட்டும் வைத்து யாரும் முறியடிக்க முடியாது.

அடுத்தது, விட்டால் கிடைக்காது என்ற பயம். 2021 இலையுதிர் காலத்தில் ட்ரீமும் பிலீவும் ஒன்றன்பின் ஒன்றாக விற்பனை நிறுத்தப்பட்டன. புதியவர்களுக்கு மறுபடி திறந்தது 2022 நவம்பரில். பழையவர்களுக்குப் புதுப்பிக்க மட்டும் ஆகஸ்டிலேயே வாய்ப்பு. இந்த அனுபவம் கண்ட ரசிகர், ‘இந்த வருஷம் அவ்வளவாகப் போகவில்லை, ஆனாலும் விட்டுவிட்டால் உள்ளே வரமுடியாதே’ என்று புதுப்பிப்பார். புதுப்பித்துவிட்டால் வீணாகக்கூடாது என்று போவார்.

இந்த ‘வீணாகக்கூடாது’ என்பதை 1985-ல் ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் ப்ளூமரும் சோதனையாகவே காட்டினார்கள். ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு 15 டாலர் முழு விலைக்கும், சிலருக்கு 13, சிலருக்கு 8 டாலருக்கும் கொடுத்தார்கள். டிக்கெட் ஒன்றுதான், யாருக்கு எந்த விலை என்பது தற்செயல். சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. போன பணம் நினைவில் உறுத்தும்வரை கால் நடக்கிறது. 1998-ல் கூர்வில், சோமன் இருவரும் உடற்பயிற்சிக் கூடத்தில் இதையே பார்த்தார்கள்: ஆறு மாதச் சந்தா கட்டியதும் வருகை ஏறி, நாளாக ஆகக் குறைகிறது. இதை மேஜிக் கீயோடு வைத்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவாசிகளுக்கு வட்டியில்லா மாதத் தவணை உண்டு. உறுத்தல் கரைய விடாமல் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

கணக்கை எழுதிப் பார்த்தால்

2024 அக்டோபர் விலையை எடுத்துக்கொள்வோம். இன்ஸ்பயர் கீ 1,749 டாலர், கார் நிறுத்தம் உள்பட. ஒரு நாள் டிக்கெட் நாளைப் பொறுத்து 104 முதல் 206 வரை. நடுத்தர நாளுக்கு 158. கார் நிறுத்த 35. ஆக ஒரு வருகை 193. 1,749-ஐ 193-ஆல் வகுத்தால் 9-க்குச் சற்று மேல். பத்தாவது தடவையிலிருந்து ‘சும்மா’ என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். (அனஹைமில் டிஸ்னிக்கு உள்ள இரண்டு பூங்காவுக்கும் ஒரே நாளில் போகலாம் என்பதைச் சேர்த்தால் இன்னும் சீக்கிரமே.)

கணக்கு சரி, சொல் தப்பு. வாசலில் கொடுப்பது மட்டும்தான் சும்மா. உள்ளே போனபிறகு சாப்பாடு, குடிக்க ஏதாவது, கூடுதல் காசுக்கு வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேன் வசதி, கடைசியில் கடை. ஒரு வருகைக்கு 60 டாலர் என்று குறைவாகவே வைத்தாலும் 60 வருகைக்கு 3,600; பாஸ் விலையைப் போல இரண்டு மடங்கு. 20 சதவீதத் தள்ளுபடி இருக்கிறதே என்பார்கள். 50 டாலர் பையை 40-க்கு வாங்கியவர் 10 மிச்சம் பிடித்தார் என்பது, அந்தப் பை தேவைப்பட்டிருந்தால்தான் உண்மை.

சேகரிப்புப் பொருட்கள் தனிக் கிணறு. 2022 ஜனவரியில் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ஃபிக்மென்ட் என்ற ஊதா டிராகன் வடிவப் பாப்கார்ன் வாளி 25 டாலருக்கு வந்தது. வரிசை மணிக்கணக்கில் நீண்டது. அதே நாட்களில் ஈபேயில் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். பூங்காவுக்குள் போய் ஒரு ரைட்கூட ஏறாமல் ஒரு பிளாஸ்டிக் வாளிக்காக அரை நாள் நின்றவர், பொழுதுபோக்கை விட்டுச் சரக்குப் பிடிக்கும் வேலைக்கு மாறிவிட்டார் என்பதுதான் எங்கள் எண்ணம். விற்பதற்காக வாங்குகிறவரைப் பற்றிக் கவலை இல்லை. அவருக்கு அது வியாபாரம். வீட்டில் பெட்டி பிரிக்காமல் அடுக்கிவைப்பவரைப் பற்றித்தான் கவலை.

கடன் பக்கம் பார்த்தால், லெண்டிங்ட்ரீ நிறுவனம் 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் டிஸ்னி பூங்காவுக்குப் போனவர்களில் 24 சதவீதம் பேர் அதற்காகக் கடன்பட்டதாகச் சொன்னார்கள். 18 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள பெற்றோரில் அது 45 சதவீதம். வாழ்நாளில் ஒருமுறை போவதற்குக் கடன்படுவது ஒரு ரகம். வருஷம் முழுக்கப் போகும் ரசிகர் கிரெடிட் கார்டில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது வேறு ரகம். பெரிய தொகையாக ஒரே நாளில் கண்ணில் படாததால் அது பிடிபடத் தாமதமாகும்.

எப்போது நிறுத்திப் பார்க்கவேண்டும், எப்படி

அடையாளங்களில் எங்களுக்கு நம்பகமாகப் படுவது மூன்றுதான். ஒன்று, விலை அல்லது தடவையைப் பற்றி வீட்டில் பொய். ‘போன வாரம் போகவே இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்வந்தால், தொகை சின்னதாக இருந்தாலும் பிரச்சினை பெரிது. இரண்டு, உள்ளே இருக்கும்போது சந்தோஷம் குறைந்து எரிச்சல் கூடுவது: ஒரு ரைட் பழுதானால் நாளே கெட்டது, ஊழியர் ஒரு வசனத்தை மாற்றிச் சொன்னால் கோபம். மூன்று, போகாத நாளில் என்ன செய்வது என்றே தெரியாமல் முன்பதிவுப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறப்பது. எல்லா டிஸ்னி சட்டையையும் போட்டுக்கொள்வது, வசனங்களை மனப்பாடமாகச் சொல்வது, திறக்கும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னாலேயே தடுப்புக் கயிற்றருகே நிற்பது, இவையெல்லாம் அடையாளமே இல்லை. வளர்ந்தவர்களுக்கு இது எதற்கு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

செய்யவேண்டியதில் முதல் வேலை, கடந்த மூன்று மாத வங்கி, கார்டு அறிக்கையை அச்செடுத்து ஐந்து நிறத்தில் கோடிடுவது: தவணை, பெட்ரோல் அல்லது பயணம், சாப்பாடு, லைட்னிங் லேன், பொருட்கள். நான்கால் பெருக்கினால் ஆண்டுத் தொகை வரும். டிசம்பர் அந்த மூன்று மாதத்தில் இருந்தால் தொகை வீங்கித் தெரியும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதிர்ச்சி தருவது தவணையாக இருக்காது, சாப்பாடாக இருக்கும்.

அடுத்தது முன்பதிவு. ஒரே சமயத்தில் கையில் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். உயர்ந்த கீ ஆறு வரை அனுமதித்தாலும் சரி. ரத்து செய்யும் முடிவை இரவு 11:59 வரை இழுக்காமல் முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கே எடுத்துவிடவேண்டும். அசதியில் எடுக்கும் முடிவு எப்போதும் ‘போயிடலாம்’ என்றுதான் வரும். விற்பனை அறிவிப்புகளுக்கான ஒலியை அணைத்துவிடுங்கள். புதுப் பொருள் வெளியாகும் நாளில் முன்பதிவே வேண்டாம்.

இங்கே பலர் செய்யும் தவறு, கோபத்தில் நடு ஆண்டில் தவணையை நிறுத்துவது. தவணை என்பது ஏற்கெனவே வாங்கிய பாஸுக்கான கடன் ஒப்பந்தம். ஜிம் சந்தா மாதிரி நினைத்த மாதத்தில் வெட்டமுடியாது. மீதி கடனாகவே நிற்கும். ஆகவே பன்னிரண்டு மாதத்தையும் முடித்துவிட்டு, புதுப்பிக்காமல் விடுவதுதான் வழி. புதுப்பிக்கும் காலம் தொடங்குவதற்கு முன்பே அந்த முடிவை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைத்தால், விலை ஏறப்போகிறது, விற்பனை நிற்கப்போகிறது என்று செய்தி வரும் வாரத்தில் மனசு மாறாது.

ஆட்டம் காணும் கட்டம் பாஸ் முடிந்த முதல் இரண்டு மாதம். சனிக்கிழமை காலி. அந்த நேரத்துக்கு வேறு ஏதாவது முன்கூட்டியே போட்டுவைக்காவிட்டால் கால் தானாக அனஹைம் பக்கம் போகும். முழுவதும் விடவேண்டிய அவசியமும் பெரும்பாலானோருக்கு இல்லை. ஒரு சீசன் கழித்து நாள் டிக்கெட்டில் போகலாம்: ஆண்டுக்கு நாலு தடவை, மேலே சொன்ன 193 வீதம், 772 டாலர். நாள் டிக்கெட்டின் நன்மை, ஒவ்வொரு தடவையும் பணத்தைக் கையில் எண்ணிக் கொடுப்பது போன்ற உணர்வு இருக்கும். போன பிறகு திறப்பிலிருந்து மூடும்வரை அனுபவிக்கத் தோன்றும்.

கார்டுக் கடன் மறைக்கப்பட்டிருந்தாலோ, பிள்ளைகளின் படிப்புப் பணத்தில் கை வைத்திருந்தாலோ, அங்கே முன்பதிவு எண்ணிக்கையைக் குறைப்பது போதாது. லாப நோக்கமற்ற கடன் ஆலோசகர்கள் அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போய்க் கடனை வரிசைப்படுத்திக்கொண்டு, பிறகு மனநல ஆலோசகரைப் பார்ப்பதே முறை. வீட்டார் பேசும்போது ‘அந்தப் பூங்கா’ என்று ஏளனமாகத் தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஐந்து நிறக் கோடிட்ட அறிக்கையை மேஜையில் வைத்து, ‘இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் குறைக்கலாம்’ என்று கேட்டால் பதில் வரும்.